அஜைல் குழுக்கள் எங்கே சிக்கிக்கொள்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் கோவையிலும் பதினாறு ஆண்டுகளாக மென்பொருள் குழுக்களோடு வேலை செய்துவருகிறேன். முதலில் நிரல் எழுதினேன், பிறகு சோதனைப் பிரிவில் இருந்தேன், இப்போது ஸ்க்ரம் மாஸ்டராக, அதாவது குழு அஜைல் முறையில் சீராக இயங்கத் துணைநிற்பவராக இருக்கிறேன். பயிற்சி வகுப்புகளிலும் தேநீர் இடைவேளைகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இங்கிருந்து வேலை செய்யும் குழுக்களைத்தான் பெரும்பாலும் மனத்தில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் எனக்கு நன்றாகத் தெரிந்தவை அவைதான்.

அஜைல் என்றால் என்ன? பயிற்சியில் சொன்ன சொற்களை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்னும் பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடினார்கள். நான்கு விழுமியங்களும் பன்னிரண்டு கோட்பாடுகளும் கொண்ட ஓர் அறிக்கையை எழுதினார்கள். அஜைல் என்ற பெயர் இந்தத் துறையில் நிலைத்தது அப்போதுதான். ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் 1995 இல் முன்வைத்த ஸ்க்ரம், கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் போன்ற முறைகள் அதற்கு முன்பே நடைமுறையில் இருந்தன. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான கருத்து எளிமையானது. சிறு துண்டாகச் செய், பயன்படுத்துபவரிடம் காட்டு, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்து, மறுபடி செய்.

நான் இதைக் கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேர்வதற்கான ஏற்பாடு என்று புரிந்துகொண்டிருக்கிறேன். தவறான பொருளைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது எட்டாவது மாதத்தில் தெரிந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது வாரத்தில் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். கீழே தடைகள் என்று நான் சொல்பவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தச் செய்தி வரும் வழியை அடைப்பவை.

எங்கள் குழுவில் ஸ்டாண்ட்அப் (தினசரிக் குறுங்கூட்டம்), டெமோ (முடித்ததை வாடிக்கையாளருக்குக் காட்டுவது), ரெட்ரோ (வேலை செய்த விதத்தைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) எல்லாம் தவறாமல் நடக்கின்றன. ஆனாலும் எதுவும் மாறவில்லையே?

ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கடைசியாக நடந்த மூன்று டெமோக்களில் வாடிக்கையாளர் சொன்ன ஏதாவது ஒன்றினால் உங்கள் பேக்லாக்கின், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலின், வரிசை மாறியிருக்கிறதா? ஒரு வேலை நீக்கப்பட்டதா, புதிதாக ஒன்று மேலே வந்ததா? இல்லை என்றால் அங்கே நடப்பது டெமோ ஆகாது, முடித்ததைப் படித்துக்காட்டும் கூட்டம்தான். ஆறு மாதத்துக்கான திட்டத்தை ஏற்கெனவே யாரோ முடிவு செய்துவிட்டு, அதைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று) என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஓர் ஆண்டு முழுவதும் நான் அப்படிப்பட்ட குழுவில் இருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டெமோ நடக்கும். எதிர்முனையில் வாடிக்கையாளரின் திட்ட மேலாளர் இருப்பார். மென்பொருளை அன்றாடம் பயன்படுத்தப்போகும் கிடங்கு ஊழியர்களில் ஒருவர்கூட வந்ததில்லை. ஒவ்வொரு டெமோவும் பாராட்டோடு முடிந்தது. பதினோராவது மாதம் கிடங்கில் நிறுவியபோது, கையுறை போட்ட கையால் அந்தத் திரையின் பொத்தான்களை அழுத்த முடியவில்லை என்று தெரிந்தது. முதல் மாதத்திலேயே ஒரே ஒரு கிடங்கு ஊழியர் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். டெமோவுக்கு யார் வருகிறார்கள் என்பதை நான் இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது அதனால்தான்.

ஸ்டாண்ட்அப் முக்கால் மணி நேரம் ஓடுகிறது. எப்படிச் சுருக்குவது?

கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன், பேசுபவரின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். எல்லோரும் டீம் லீடைப் பார்த்தே பேசினால் அது வருகைப் பதிவேடு. ஒவ்வொருவரும் தான் சும்மா இருக்கவில்லை என்று நிரூபிக்க முயல்வார்கள். நேரம் அதிலேயே போய்விடும்.

“நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை” என்ற மூன்று கேள்விகளை வேதவாக்காகப் பலர் வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பு அந்த மூன்று கேள்விகளையும் எடுத்துவிட்டது. பதினைந்து நிமிட வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆட்களின் வரிசைப்படி போகாமல், எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் பலகையின் வலது ஓரத்திலிருந்து, அதாவது முடிவுக்கு மிக அருகில் இருக்கும் வேலையிலிருந்து தொடங்குங்கள். “இது இன்று முடிய என்ன தேவை?” என்று கேட்டால் போதும். வேலை கைவசம் இல்லாதவர் பேச வேண்டிய கட்டாயமே இல்லை. இதை மாற்றிய முதல் வாரம் குழுவுக்குச் சங்கடமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

பிராடக்ட் ஓனர் (எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பவர்) அமெரிக்காவில் இருக்கிறார், நாங்கள் சென்னையில் இருக்கிறோம். இது அஜைலுக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. கலிஃபோர்னியாவில் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 10.30 அல்லது 9.30. திங்கள்கிழமை காலை 11 மணிக்கு ஒரு டெவலப்பருக்குச் சந்தேகம் வருகிறது. மின்னஞ்சல் அனுப்புகிறார். பதில் இரவில் வருகிறது, செவ்வாய் காலையில் படிக்கிறார். அந்தப் பதிலில் இன்னொரு சந்தேகம் எழுந்தால் புதன். பத்து வேலை நாள் கொண்ட ஸ்பிரிண்டில் இரண்டே கேள்விகளுக்கு இரண்டு நாள் போய்விட்டன. வெள்ளிக்கிழமை மதியம் கேட்ட கேள்விக்குத் திங்கள்கிழமைதான் விடிவு.

இந்த இடைவெளியில் டெவலப்பர் சும்மா இருப்பதில்லை. அவராகவே ஒரு விடையை ஊகித்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். எனக்கு அதுதான் பெரிய கவலை. தாமதம் கண்ணுக்குத் தெரியும், ஊகம் தெரியாது. டெமோ நாளில்தான் வெளியே வரும்.

சில வழிகள் எனக்குப் பலன் தந்திருக்கின்றன. முதலாவது, ஒவ்வொரு ஸ்டோரியிலும் (பயனருக்கு வேண்டியதைச் சொல்லும் சிறு வேலைக் குறிப்பு) விளக்க வாக்கியங்களைக் குறைத்து உண்மையான எடுத்துக்காட்டுகளைக் கேட்டு வாங்குவது. “தள்ளுபடி சரியாகக் கணக்கிடப்பட வேண்டும்” என்று எழுதியிருந்தால் பத்துச் சந்தேகம் வரும். “1,000 ரூபாய்ப் பொருளுக்கு 10 சதவீதத் தள்ளுபடி, அதன் பிறகு வரி, ரத்து செய்தால் தள்ளுபடிக்குப் பிந்தைய தொகைதான் திரும்பும்” என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் வராது. இரண்டாவது, சென்னையில் ஒருவருக்கு முடிவெடுக்கும் அதிகாரத்தை எழுத்தில் வாங்குவது. அவர் எடுத்த முடிவு தவறாகிப்போனால் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒப்புதலும் அதோடு வேண்டும். அதிகாரம் இல்லாத “பிரதிநிதி பிராடக்ட் ஓனர்” வெறும் தபால்காரர். அவரால் இன்னும் ஒரு நாள் கூடுதலாகத்தான் தாமதமாகும்.

மூன்றாவது, இரவுக் கூட்டங்களின் சுமையைப் பங்கிடுவது. தினமும் இரவு 9.30 க்கு நம் பக்கம்தான் விழித்திருக்க வேண்டும் என்றால், குழந்தையோடு இருப்பவர்களும் வீட்டுக்குப் போக நெடுந்தூரம் பயணிப்பவர்களும் முதலில் மௌனமாவார்கள், பிறகு வேலையை விட்டுவிடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள் அமெரிக்காவில் இருப்பவர்கள் அதிகாலையில் எழுந்துகொள்ளட்டும். நான் கேட்டபோது ஒரு வாடிக்கையாளர் உடனே சம்மதித்தார். அதுவரை யாரும் தன்னிடம் கேட்டதே இல்லை என்றார்.

வாடிக்கையாளரிடம் “முடியாது” என்று சொல்ல எங்கள் மேனேஜர் விடுவதில்லை. என்ன செய்வது?

நம் ஊர்க் குழுக்களின் மிகப் பெரிய தடை இது என்று நினைக்கிறேன். திறமைக் குறைவும் கருவிக் குறைவும் இதற்கு அடுத்துதான்.

வீட்டில் பெரியவர்களிடம், பள்ளியில் ஆசிரியரிடம், முதல் வேலையில் மேலாளரிடம் எதிர்த்துப் பேசாமல் இருப்பதை மரியாதையாகக் கற்றவர்கள் நாம். அந்த மரியாதையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் “ஆகட்டும்” என்ற ஒரே சொல்லுக்கு நம்மிடம் பல பொருள் உண்டு. கேட்டுக்கொண்டேன், முயன்று பார்க்கிறேன், உங்கள் முகத்துக்கு நேராக மறுக்க விரும்பவில்லை என்று எதுவாகவும் இருக்கலாம். எதிர்முனையில் இருப்பவர் அதை ஒரே பொருளில், வேலை குறித்த நாளில் முடியும் என்றே எடுத்துக்கொள்கிறார். மூன்று வாரம் கழித்து உண்மை வெளிவரும்போது நம்மைப் பொய்யர்கள் என்று நினைக்கிறார். நமக்கோ, பணிவாக நடந்துகொண்டும் இந்தப் பெயரா என்று வருத்தம்.

“முடியாது” என்ற சொல்லைச் சொல்லவே வேண்டாம். இரண்டு தெரிவுகளை முன்வையுங்கள். “இந்த அறிக்கைப் பக்கம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமென்றால், ஏற்றுமதி வசதியை அடுத்த ஸ்பிரிண்டுக்கு மாற்றுகிறோம். எது முதலில் வேண்டும்?” மறுப்பதற்குத் தயங்கும் மேனேஜர்களும் இந்த வாக்கியத்தைச் சொல்லத் தயங்குவதில்லை. முடிவு வாடிக்கையாளர் கைக்குப் போகிறது, தகவல் அன்றே போய்ச் சேர்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பிரிண்டில் எடுத்துக்கொண்ட வேலையை “வாக்குறுதி” என்ற பொருளில் சொல்லிவந்த ஸ்க்ரம் கையேடு, 2011 இல் அந்தச் சொல்லை மாற்றி “முன்கணிப்பு” என்ற பொருள்படும் சொல்லை வைத்தது. வானிலை அறிக்கை பொய்த்துவிட்டால் நாம் வானிலை மையத்தின் மீது வழக்குத் தொடுப்பதில்லை. இது உங்கள் மேலிடத்துக்குத் தெரிந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

எங்கள் ஒப்பந்தத்தில் தொகை, தேதி, வேலையின் எல்லை மூன்றும் முடிவாகிவிட்டன. அதற்குள் அஜைல் எப்படிச் செய்வது?

மூன்றையும் கட்டிவைத்துவிட்டால் நெகிழ்வதற்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று, தரம். அது சத்தமில்லாமல் குறையும்.

இதற்கு ஓர் உண்மைக் கதை சொல்கிறேன். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்க ஒரு மென்பொருளை எழுதச் செய்து, சுமார் 17 கோடி டாலர் செலவழித்த பிறகு 2005 இல் அதைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு சென்டினல் என்ற பெயரில் மறுபடி தொடங்கியது. நான்கு கட்டங்கள், லாக்ஹீட் மார்ட்டினுடன் ஒப்பந்தம், மொத்தம் 45.1 கோடி டாலர் வரவுசெலவுத் திட்டம். 2010 இல் கணக்குப் பார்த்தபோது சுமார் 40.5 கோடி செலவாகியிருந்தது. கைக்கு வந்திருந்தவையோ நான்கில் இரண்டு கட்டங்கள். அந்த ஆண்டு எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ஒப்பந்த ஊழியர்களை ஏறத்தாழ 220 பேரிலிருந்து 40 ஆகக் குறைக்கத் திட்டமிட்டு, இரண்டு வார ஸ்பிரிண்டுகளில் நடத்தியது. 2012 ஜூலையில் மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கே கைதட்டி முடித்துவிடுவார்கள். அதற்கு முன் நடந்த ஒன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 2011 அக்டோபரில், நிறைய ஊழியர்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார்கள். அன்று சென்டினல் இரண்டு முறை நின்றுபோனது. பழைய வன்பொருள் தாங்கவில்லை என்று புரிந்தது. தேதி தள்ளிப்போனது, தணிக்கை அறிக்கையில் அது பதிவாகவும் செய்தது. ஆனால் அந்தச் செய்தி நாடு முழுவதும் வெளியிட்ட பிறகு வராமல், வெளியீட்டுக்கு முன்பே வந்துவிட்டது.

உங்கள் ஒப்பந்தத்தை நாளையே மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். தொகையும் தேதியும் அப்படியே இருக்கட்டும். எல்லைக்குள் மட்டும் ஒரு பரிமாற்ற விதியைக் கேட்டுப் பாருங்கள். தொடங்காத ஒரு வேலையை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள இன்னொன்றைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த விதி. வாடிக்கையாளர்களுக்கு இது பிடிக்கும், ஏனென்றால் ஆறு மாதத்துக்கு முன் கேட்டதில் பாதி அவர்களுக்கே இப்போது தேவைப்படாது.

மேலிடம் எங்கள் வெலாசிட்டியை (ஒரு ஸ்பிரிண்டில் முடிக்கும் வேலையின் அளவு, பாயிண்டுகளில்) இலக்காக வைத்து, பக்கத்துக் குழுவோடு ஒப்பிடுகிறது.

அடுத்த காலாண்டில் உங்கள் வெலாசிட்டி நிச்சயம் உயரும். மூன்று பாயிண்ட் வேலைகள் ஐந்தாகும், ஐந்து எட்டாகும். யாரும் திட்டமிட்டு ஏமாற்ற வேண்டியதில்லை, பயமே அதைச் செய்துவிடும். பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975 இல் பணக் கொள்கை பற்றி எழுதியபோது சுட்டிக்காட்டியது இதைத்தான். ஓர் அளவீட்டைக் கட்டுப்பாட்டுக்கான கருவியாக்கினால் அதன் நம்பகத்தன்மை போய்விடும்.

ஸ்டோரி பாயிண்ட் என்பது வேலையின் அளவை மதிப்பிட ஒரு குழு தனக்குத்தானே வைத்துக்கொண்ட முழக்கோல். என் முழமும் உங்கள் முழமும் ஒன்றாக இருக்காது. ஸ்டோரி பாயிண்டைத் தானே கண்டுபிடித்திருக்கலாம் என்று எழுதிய ரான் ஜெஃப்ரிஸ், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் எழுதியிருக்கிறார். மேலிடத்துக்கு எண் வேண்டும் என்றால், ஒரு கோரிக்கை வந்த நாளிலிருந்து பயனரின் கைக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகிறது என்று கொடுங்கள். அதையும் திரிக்கலாம்தான். ஆனால் அதைக் குறைக்க முயலும்போது நல்லது சிலவாவது நடக்கும்.

ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் பாதி வேலை அடுத்ததற்குத் தள்ளிப்போகிறது.

பலகையைத் திறந்து, “நடந்துகொண்டிருக்கிறது” என்ற பத்தியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஜான் லிட்டில் 1961 இல் நிறுவிய ஒரு தேற்றம் இருக்கிறது. வங்கி வரிசைக்கும் சுங்கச் சாவடிக்கும் பொருந்துவது நம் பலகைக்கும் பொருந்துகிறது. கைவசம் 12 வேலைகள், வாரத்துக்கு 3 முடிகின்றன என்றால், ஒரு வேலை உள்ளே நுழைந்து வெளியே வரச் சராசரியாக நான்கு வாரமாகும். உங்கள் ஸ்பிரிண்ட் இரண்டு வாரம். எப்படி முடியும்? அதே வேகத்தில் கைவசம் ஆறு மட்டும் வைத்திருந்தால் இரண்டு வாரத்தில் வெளியே வந்துவிடும். ஆளுக்கு இரண்டு வேலை கொடுத்து எல்லோரையும் மும்முரமாக வைத்திருப்பதில் மேனேஜருக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது, வேலைக்கு அது கிடைப்பதில்லை.

இன்னொரு காரணம், எட்டாவது நாள் வரை நிரல் எழுதிவிட்டு, ஒன்பதாவது நாள் எல்லாவற்றையும் டெஸ்டர் தலையில் கொட்டுவது. நான் சோதனைப் பிரிவில் இருந்தவன். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஏழு ஸ்டோரிகள் வந்து விழும்போது ஏற்படும் வயிற்றெரிச்சலை அனுபவித்திருக்கிறேன். பிழையைக் கண்டுபிடித்தால் குழுவின் ஸ்பிரிண்டைக் கெடுத்தவன் என்ற பெயர் வேறு. ஸ்டோரிகளை மெல்லியதாக வெட்டி, மூன்றாவது நாளில் முதல் ஸ்டோரி டெஸ்டர் கைக்கு வரும்படி செய்யுங்கள். வெட்டும்போது தரவுத்தளம், இடைநிலை, திரை என்று கிடைமட்டமாக வெட்டாமல், பயனருக்கு ஒரு சிறு பயன் முழுமையாகக் கிடைக்கும்படி செங்குத்தாக வெட்ட வேண்டும்.

ஒரே ஆளை மூன்று திட்டங்களுக்கு மூன்றில் ஒரு பங்காகப் பிரித்துக் கொடுத்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. முதலில் அதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

தானியங்கிச் சோதனைக்கும் பழைய நிரலைச் சீரமைக்கவும் நேரமே கொடுப்பதில்லை. இதுவும் அஜைல் சிக்கலா?

நிச்சயமாக. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால், மாற்றினால் உடையாது என்ற தைரியம் வேண்டும். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் சோதனை, தொடர் ஒருங்கிணைப்பு (எல்லோருடைய நிரலையும் அடிக்கடி ஒன்றுசேர்ப்பது), இருவர் சேர்ந்து நிரல் எழுதுதல் ஆகியவற்றை நடுவில் வைத்தது. ஸ்க்ரம் தொழில்நுட்ப முறைகளைப் பற்றிப் பேசாமல் குழுவிடமே விட்டுவிட்டது. பல நிறுவனங்கள் ஸ்க்ரமின் கூட்டங்களை எடுத்துக்கொண்டன, மற்றதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சீரமைக்காமல் விட்ட நிரலுக்கு மென்பொருள் வல்லுநர் வார்ட் கன்னிங்ஹாம் 1992 இல் “கடன்” என்ற உவமையைச் சொன்னது இதற்காகத்தான். கொஞ்சம் கடன் வாங்கினால் வேகமாகப் போகலாம், உடனே திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் வட்டி கட்டியே காலம் போகும்.

வட்டி எவ்வளவு ஆகும் என்பதற்கு நைட் கேபிட்டல் சாட்சி. 2012 ஆகஸ்ட் 1 அன்று அந்தப் பங்கு வர்த்தக நிறுவனம் புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஒன்றில் விட்டுப்போயிற்று. பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல், ஆனால் நீக்காமல் வைத்திருந்த பழைய நிரல் அந்த ஒரு சர்வரில் உயிர்பெற்று, கணக்கில்லாமல் பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறை இல்லை. சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய சொந்தக் கணினி 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையாகப் பார்த்து நடவடிக்கை எடுக்க யாரும் இல்லை. உங்கள் அலுவலகத்தில் தானாக வந்து தனிக் கோப்புறைக்குள் போய் விழும் மின்னஞ்சல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சீரமைப்புக்குத் தனி ஸ்பிரிண்ட் கேட்காதீர்கள், கிடைக்காது. எந்த ஸ்டோரிக்காக எந்தக் கோப்பைத் திறக்கிறீர்களோ அதை மட்டும் சரிசெய்து, அந்த நேரத்தை ஸ்டோரியின் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

தாமதமாகிவிட்டது. இன்னும் நான்கு பேர் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

பெரும்பாலும் வேண்டாம். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975 இலேயே எழுதினார். ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./360 என்ற இயங்குதளத்தின் உருவாக்கத்தை நடத்திய அனுபவத்திலிருந்து சொன்னது அது. ஐந்து பேருக்குள் பத்து உரையாடல் இணைப்புகள், பத்துப் பேருக்குள் நாற்பத்தைந்து. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரும் உங்கள் சிறந்த டெவலப்பராகத்தான் இருப்பார். நான்கு பேருக்குப் பதில், வேலையில் நான்கு அம்சங்களைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

நாங்கள் முடித்துவிடுகிறோம். தரவுத்தளக் குழுவும் பாதுகாப்புக் குழுவும் வாரக்கணக்கில் காக்கவைக்கின்றன.

ஒரு நிறுவனம் தன் உரையாடல் அமைப்பையே தன் மென்பொருளின் அமைப்பாகவும் வடித்துவிடுகிறது என்று மெல்வின் கான்வே 1968 இல் எழுதினார். துறைகளுக்கு நடுவில் சுவர் இருந்தால் நிரலிலும் அந்தச் சுவர் இருக்கும். கடந்த மூன்று மாதத்தில் ஒவ்வொரு டிக்கெட்டும் (பதிவு செய்த வேலைக் கோரிக்கை) யாருக்காக எத்தனை நாள் காத்திருந்தது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். புகாராகச் சொன்னால் சண்டை வரும், தேதிகளைக் காட்டினால் உரையாடல் தொடங்கும். பாதுகாப்புக் குழுவிலிருந்து ஒருவரை வாரத்துக்கு அரை நாள் உங்களோடு உட்காரவைக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரெட்ரோவில் யாரும் வாய் திறப்பதில்லை.

அந்த அறையில் மதிப்பெண் போடுபவர் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா? ஆண்டு மதிப்பீட்டை எழுதும் மேனேஜர் இருக்கும் இடத்தில் “நான் தவறு செய்தேன்” என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990 களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் பதிவான தவறுகளின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. அவர்கள் அஞ்சாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். ஒரு தவறும் பதிவாகாத குழுவைப் பார்த்து நான் மகிழ்வதில்லை.

இன்னொரு காரணத்தை எந்தப் பயிற்சியிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மொழி. எட்டுப் பேர் கொண்ட குழுவில் எட்டுப் பேருக்கும் தமிழ்தான் தாய்மொழி. ஆனாலும் கூட்டம் என்று உட்கார்ந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவோம். தமிழ் வழியில் படித்து, கிராமத்திலிருந்து பொறியியல் கல்லூரி வழியாக வந்த ஓர் இளம்பெண் அந்தக் குழுவில் இருந்தார். ரெட்ரோவில் ஓராண்டு முழுவதும் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் வாடிக்கையாளர் யாரும் இல்லாத ரெட்ரோவைத் தமிழில் நடத்திப் பார்த்தோம். அவர் இருபது நிமிடம் பேசினார். எங்கள் வெளியீட்டு நடைமுறையில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை ஏழு மாதமாகக் கவனித்துவந்திருக்கிறார். சொல்லத் தெரியாமல் இருந்தவர் இல்லை அவர், சொல்லும் மொழியை நாங்கள்தான் அவருக்குக் கொடுக்கவில்லை. அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

குழுவில் தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுபவர்கள் இருந்தால் அவர்களை விட்டுவிட்டுத் தமிழில் பேசுவது முறையில்லை. அப்போது முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல், அவரவருக்கு வசதியான மொழியில் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டிரண்டு பேராகப் பேசி, ஒருவர் மற்றவருடையதைப் படிக்கட்டும். ரெட்ரோவின் முடிவில் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, அதை அடுத்த ஸ்பிரிண்டின் பேக்லாக்கில் ஒரு வேலையாகவே போடுங்கள். சொன்னது ஒன்றாவது நடந்தால்தான் அடுத்த முறை பேசுவார்கள்.

மேனேஜரே ஸ்க்ரம் மாஸ்டராக இருக்கலாமா?

விதி தடுப்பதில்லை. ஆனால் மேலே உள்ள பதிலை மறுபடி படியுங்கள்.

அஜைல் பொருந்தாத வேலை உண்டா?

உண்டு. என்ன வேண்டும் என்பதும் எப்படிச் செய்வது என்பதும் முன்பே பலமுறை செய்து தெளிவாகத் தெரிந்த வேலைக்கு இத்தனை கூட்டங்கள் வீண். ஐம்பது அறிக்கைகளை ஒரே மாதிரி புதிய வடிவத்துக்கு மாற்றும் வேலை என்றால் ஒரு பட்டியலும் கவனமான இரண்டு பேரும் போதும். ஆதரவுப் பணியில் டிக்கெட்டுகள் எப்போது வரும் என்று தெரியாத குழுவுக்கு ஸ்பிரிண்டைவிட, டொயோட்டா தொழிற்சாலை வழியாக வந்த கான்பன் முறை பொருத்தமாக இருக்கும். வேலை வரும்போது எடு, கைவசம் இருப்பதற்கு வரம்பு வை.

நான் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, எந்த அதிகாரமும் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

உங்கள் வேலையைப் பற்றிய செய்தியை நீங்கள் சீக்கிரம் சொல்லலாம். “இது வெள்ளிக்கிழமை முடியாது என்று நினைக்கிறேன், இந்த இடத்தில் சிக்கியிருக்கிறேன்” என்று செவ்வாய்க்கிழமையே சொல்லுங்கள். எங்கே சிக்கல், என்ன முயன்றீர்கள், யாருடைய உதவி வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். முதல் முறை திட்டு விழலாம். விழுந்தால் எனக்கு ஆச்சரியமில்லை, வருத்தம் உண்டு. ஆனால் செவ்வாய்க்கிழமை சொன்னவருக்கு உதவ மூன்று நாள் இருக்கிறது என்பதை, திட்டியவரும் இரண்டாவது முறை உணர்ந்துவிடுவார்.

அதோடு, பக்கத்தில் இருப்பவர் அப்படிச் சொல்லும்போது நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி உட்காருங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.